குழந்தையின் தட்டைத்தலை: அஞ்ச வேண்டுவதும் வேண்டாததும்

கொடைக்கானலிலிருந்து பூம்பாறை, மன்னவனூர், கவுஞ்சி, பூண்டி ஆகிய ஊர்களைக் கடந்து செல்லும் மலைப்பாதையின் கோடியில் இருப்பது கிளாவரை. படிப்படியாக வெட்டிய நிலங்களில் மலைப்பூண்டும் உருளைக்கிழங்கும் காரட்டும் விளைவிக்கும் குடிகள் வாழும் ஊர். கொடைக்கானல் நகரத்துக்கு நாற்பது கிலோமீட்டருக்கு மேல் மலைவழியே பயணம் செய்ய வேண்டும். அவ்வூரைச் சேர்ந்த உறுப்பினர் ஒருவர் சில மாதங்களுக்கு முன் நகைக்கடன் கேட்டு வந்தார். பூண்டு நடவுக்கான கடன் போலும் என்று எண்ணினோம். அவர் சொன்ன காரணம் வேறு. மூன்று மாதக் குழந்தையாகிய அவருடைய பேரனுக்குத் தலையின் வலப்புறம் தட்டையாகிவிட்டது. கைப்பேசியில் பார்த்த ஒரு விளம்பரம், தலைக்கவசம் ஒன்றைச் செய்து மாட்டாவிட்டால் மூளை வளராது என்று கூறியதாம். அதன் விலையைக் கேட்டபோது நமக்கே மலைப்பாக இருந்தது.

அந்தக் கடன் விண்ணப்பத்தை ஒரு வாரம் நிறுத்தி வைக்கும்படி கேட்டுக்கொண்டு, முதலில் குழந்தையை டாக்டரிடம் காட்டும்படி சொன்னோம். அதன்பின் நாம் தெரிந்துகொண்டவற்றை எல்லா உறுப்பினர்களும் அறிந்திருப்பது நலம் என்று கருதி இங்கே எழுதுகிறோம். தறியில் அமரும் தாய்மாரும் தோட்டத்தில் குனிந்து நிற்கும் தாய்மாரும் நிறைந்த சங்கம் நம்முடையது. இந்தச் சங்கடம் எந்த வீட்டுக்கும் வரக்கூடியது.

மண்டை ஓடு எவ்வாறு அமைந்துள்ளது?

பிறந்த குழந்தையின் மண்டை ஓடு ஒரே எலும்பாக இருப்பதில்லை. பல எலும்புத் தகடுகள் பக்கம் பக்கமாக நின்று, இடையில் நார்போன்ற மெல்லிய பொருத்துகளால் இணைந்திருக்கின்றன. பொருத்துகள் கூடும் இடத்தில் எலும்பு இல்லாத மெத்தென்ற பகுதி ஒன்று உண்டு. நாம் உச்சிக்குழி என்று சொல்வது அதையே. முன் உச்சிக்குழி பெரும்பாலும் ஒன்று முதல் ஒன்றரை வயதுக்குள் மூடும். சிலருக்கு இரண்டு வயது வரையிலும் ஆகும். பின்புறம் உள்ள சிறிய குழி இரண்டு மூன்று மாதங்களில் மூடிவிடும்.

இவ்வாறு இயற்கை அமைத்திருப்பதற்கு இரண்டு காரணங்கள் உள. பிரசவ வழியில் தலை சற்று நெருங்கி வெளிவர வேண்டும் என்பது ஒன்று. பிறந்தபின் மூளை மிக விரைவாக வளர்வதற்கு இடம் வேண்டும் என்பது மற்றொன்று. பிறந்தபோது ஏறக்குறைய 34 அல்லது 35 சென்டிமீட்டராக இருக்கும் தலைச் சுற்றளவு, ஓராண்டு முடிவில் 46 சென்டிமீட்டரை எட்டுகிறது. இந்த வளர்ச்சியில் பாதிக்கு மேல் முதல் நான்கு மாதங்களில் நடந்துவிடுகிறது. உள்ளிருந்து வளரும் மூளை எலும்புத் தகடுகளை வெளியே தள்ளுகிறது. எந்தப் பக்கம் தடையில்லையோ அந்தப் பக்கம் தலை வளர்கிறது.

தரையில் கிடந்து காய்க்கும் பூசணிக்காயை நம் தோட்டக்காரர்கள் அறிவார்கள். மண்ணில் படிந்த பக்கம் தட்டையாகவும் மற்றப் பக்கம் உருண்டும் இருக்கும். காய்க்கு நோய் ஒன்றும் இல்லை. கிடந்த கிடையே காரணம். குழந்தையின் தட்டைத்தலையும் பெரும்பாலும் இவ்வகையைச் சேர்ந்ததே. ஒரு பக்கம் மட்டும் தட்டையானால் டாக்டர்கள் அதைப் பிளாஜியோசெபலி என்றும், பின்புறம் முழுவதும் தட்டையானால் பிராக்கிசெபலி என்றும் குறிப்பிடுகின்றனர்.

எவ்வளவு குழந்தைகளுக்கு உண்டாகிறது?

நியூசிலாந்தில் 200 குழந்தைகளைப் பிறந்தது முதல் இரண்டு வயது வரை தொடர்ந்து கவனித்து 2004ஆம் ஆண்டில் ஒரு கணக்கை வெளியிட்டனர். ஆறாவது வாரத்தில் நூற்றுக்கு 16 குழந்தைகளுக்கும், நான்காவது மாதத்தில் ஏறக்குறைய 20 குழந்தைகளுக்கும் தலை தட்டையாக இருந்தது. ஒரு வயதில் அது ஏழாகக் குறைந்தது. இரண்டு வயதில் மூன்று பேருக்குச் சற்று மேல் மட்டுமே எஞ்சினர். கனடாவில் கால்கரி நகரில் 2013ஆம் ஆண்டில் வெளியான கணக்கின்படி, ஏழு முதல் பன்னிரண்டு வார வயதுள்ள குழந்தைகளில் நூற்றுக்கு 46 பேருக்கு மேல் ஏதோ ஓரளவு தட்டை காணப்பட்டது. அவற்றுள் மிகப் பெரும்பாலானவை லேசானவை.

இக்கணக்குகளிலிருந்து நாம் அறிவது என்ன? இது அரிதான நோயன்று. நான்காம் மாதம் வரையில் கூடுவது போலத் தோன்றினும், குழந்தை தலை நிமிர்ந்து, புரண்டு, உட்காரத் தொடங்கிய பின் தானாகவே குறைவது அதன் இயல்பு.

மேல்நாடுகளில் இது மிகுந்ததற்கு ஒரு வரலாறு உண்டு. முன்னர் அங்கே குழந்தைகளைக் குப்புறப் படுக்க வைக்கும் வழக்கம் இருந்தது. அவ்வாறு தூங்கிய குழந்தைகள் பல, காரணம் புலப்படாமல் தூக்கத்திலேயே இறந்தன. 1992ஆம் ஆண்டில் அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகம், குழந்தைகளைக் குப்புறத் தூங்க வைக்கலாகாது என்று அறிவுரை கூறியது. 1994இல் அது நாடு தழுவிய இயக்கமாயிற்று. அத்தகைய மரணங்கள் பாதிக்கு மேல் குறைந்தன. அதே காலத்தில் தட்டைத்தலைகள் மிகுந்தன. உயிர் பிழைத்ததற்குக் கொடுத்த சிறிய விலை அது. ஆகையால் தலை உருண்டையாக வேண்டும் என்பதற்காகக் குழந்தையைக் குப்புறத் தூங்க வைப்பது பெரும் பிழை. மல்லாந்து தூங்க வைக்கும் நம் வழக்கமே சரியானது. அதை விட்டுவிடலாகாது.

நம் வீடுகளில் இது எப்படி நேர்கிறது?

குழந்தை ஒளியையும் ஒலியையும் நோக்கித் தலையைத் திருப்பும். கிளாவரை போன்ற குளிரூர்களில் வீட்டுக்குக் கதவு ஒன்றும் சன்னல் ஒன்றுமே திறந்திருக்கும். அடுப்பு ஒரு மூலையில் இருக்கும். பாய் விரிக்கும் இடமும் மாறுவதில்லை. வடக்கே தலை வைக்கலாகாது என்ற எண்ணமும் சேர்ந்துகொள்ள, குழந்தையின் தலை நாள்தோறும் ஒரே திசையில் அமைகிறது. தாய் படுப்பதும் ஒரே பக்கம், சுவர் மறுபக்கம். குழந்தை சுவரைப் பார்க்க விரும்புமா? தாயின் பக்கமே திரும்பிக் கிடக்கும். குளிருக்காகக் கைகால்களைச் சேர்த்துக் கம்பளியில் இறுகச் சுற்றிவிட்டால் அசைவு இன்னும் குறையும்.

சின்னாளப்பட்டி போன்ற நெசவூர்களில் தறிக்குழிக்கு அருகே தூளி கட்டுவது வழக்கம். தறியின் ஓசை எப்போதும் ஒரு பக்கத்திலிருந்தே வரும். தூளித் துணி தலையை இரு பக்கமும் அணைத்துக்கொள்வதால் குழந்தை எளிதில் திரும்ப இயலாது. தோட்டத்து மரக்கிளையில் கட்டிய தூளிக்கும் இதுவே பொருந்தும். தூளியை இகழ்வது நம் நோக்கமன்று; நாம் அனைவரும் அதில் உறங்கியவர்களே. ஆயினும் மணிக்கணக்கில் குழந்தையை அதிலேயே விடுவது தலைக்கு நல்லதன்று. இளங்குழந்தையின் மோவாய் மார்பில் அழுந்தி மூச்சுத் தடைப்படக்கூடும். சற்று வளர்ந்த குழந்தைகள் தூளித் துணி கழுத்தில் சுற்றி இறந்த செய்திகளும் தமிழ்நாட்டில் பலமுறை வந்துள்ளன. அழும் குழந்தையைத் தூளியில் ஆட்டித் தூங்கச் செய்து, தூங்கியபின் தட்டையான உறுதியான பாயில் மல்லாந்து கிடத்துவதே முறை.

குறைமாதத்தில் பிறந்தவர்கள், இரட்டையர், ஆயுதம் போட்டு எடுத்த குழந்தைகள், முதற்பேறாகப் பிறந்த ஆண்குழந்தைகள் ஆகியோருக்கு இது சற்று அதிகமாக நேர்கிறது. மற்றொரு முக்கியக் காரணம் கழுத்து இறுக்கம். காதின் பின்புறத்திலிருந்து காறை எலும்பு வரை செல்லும் தசை ஒரு பக்கம் குறுகியிருந்தால், தலை அப்பக்கம் சாய்ந்து, முகம் மறுபக்கம் திரும்பியிருக்கும். முதல் சில வாரங்களில் அந்தத் தசையில் சிறு கட்டி ஒன்று கைக்குத் தட்டுப்படுவதும் உண்டு. இத்தகைய குழந்தையை எந்தப் பக்கம் படுக்க வைத்தாலும் பழைய பக்கமே திரும்பிவிடும்.

மூளைக்குக் கேடு உண்டா?

பெற்றோரின் நெஞ்சை அழுத்தும் கேள்வி இதுதான். படுக்கையால் உண்டாகும் தட்டை மூளையின் வளர்ச்சியைத் தடுப்பதில்லை. ஒரு பக்கம் இடமில்லாவிடினும் மறுபக்கம் இடம் இருப்பதால் மூளை தன் அளவுக்கு வளர்ந்துகொள்கிறது. தட்டைத்தலையுள்ள குழந்தைகளுள் சிலர் தலை நிமிர்வதிலும் புரள்வதிலும் சற்றுத் தாமதிப்பதைக் கண்டிருக்கின்றனர். குறைவாக அசையும் குழந்தை நெடுநேரம் ஒரே கிடையில் கிடப்பதால் தலை தட்டையாகிறது என்று கொள்வதே பொருத்தம். எனவே அத்தகைய குழந்தையின் தலையோடு நில்லாமல், அது பார்க்கிறதா, சிரிக்கிறதா, கைகால்களை இரு பக்கமும் ஒரே மாதிரி ஆட்டுகிறதா என்பதையும் கவனித்தல் வேண்டும்.

வீட்டில் செய்ய வேண்டியவை

முதல் நான்கு மாதங்களில் செய்யும் எளிய காரியங்களே பெரும்பயன் தருகின்றன. அவற்றுக்குக் காசு தேவையில்லை.

ஒன்று: ஒரு நாள் கிழக்கே தலை வைத்தால் மறுநாள் மேற்கே வையுங்கள். வடக்கே வைக்க மனம் ஒப்பாதவர்களுக்கும் இதில் தடை ஏதும் இல்லை. ஒளியும் தாயின் குரலும் ஒரு நாள் வலப்புறமும் மறுநாள் இடப்புறமும் அமையும். தலையும் அதற்கேற்பத் திரும்பும்.

இரண்டு: விழித்திருக்கும்போது, யாரேனும் அருகில் இருந்து பார்த்துக்கொள்ள, குழந்தையைக் குப்புறக் கிடத்துங்கள். தொடக்கத்தில் ஒரு வேளைக்கு மூன்று முதல் ஐந்து நிமிடம், நாளுக்கு இரண்டு மூன்று வேளை போதும். ஏழாவது வாரத்துக்குள் ஒரு நாளில் மொத்தம் பதினைந்து முதல் முப்பது நிமிடம் வரை கூட்டலாம். அழுதால் தாயின் மார்பின்மீதோ பாட்டியின் மடியின்மீதோ கிடத்தலாம். இதனால் கழுத்தும் தோளும் வலுப்பெறும். தூக்கம் வந்ததும் மல்லாந்து திருப்பிவிட வேண்டும்.

மூன்று: தட்டையான பக்கத்துக்கு எதிர்ப்பக்கம் நின்று பேசுங்கள், கிலுகிலுப்பையை அப்பக்கம் ஆட்டுங்கள். பால் கொடுக்கும்போதும் தோளில் சாய்த்துத் தூக்கும்போதும் பக்கங்களை மாற்றிக்கொள்ளுங்கள். தாய்ப்பால் கொடுக்கையில் இம்மாற்றம் இயல்பாகவே நடக்கிறது. பாலாடையில் புகட்டுவோர் எப்போதும் ஒரே கையில் ஏந்துவதை விட வேண்டும்.

நான்கு: நெடுநேரம் கிடத்துவதைத் தவிர்த்துக் கைகளில் ஏந்துங்கள். தாய் தறியிலோ வயலிலோ இருந்தால் வீட்டிலுள்ள தாத்தாவும் பாட்டியும் அண்ணனும் அக்காளும் முறை வைத்துத் தூக்கலாம். தந்தையும் தூக்கலாம், தூக்கவும் வேண்டும்.

செய்யக்கூடாதவை

குழந்தையைக் குளிப்பாட்டும் பெரியவர்கள், எண்ணெய் தேய்த்துத் தலையை இரு கைகளாலும் அழுத்தி உருட்டி வடிவம் கொடுக்க முயல்வது நம்மிடையே நெடுங்கால வழக்கம். அன்பினால் செய்வதுதான், மறுப்பதற்கில்லை. ஆயினும் சில நிமிட அழுத்தம் எலும்பின் வடிவத்தை மாற்றாது. இருபது மணி நேரக் கிடைக்கு முன் அது எம்மாத்திரம்? உச்சிக்குழி உள்ள தலையை அழுத்துவதால் கேடும் நேரலாம். மெதுவாக எண்ணெய் தடவுவதோடு நிறுத்திக்கொள்ளும்படி பாட்டிமாரைப் பணிந்து கேட்டுக்கொள்கிறோம்.

வடநாட்டில் கடுகு நிரப்பிய தலையணையில் குழந்தையின் தலையை வைக்கின்றனர். நடுவில் குழி வைத்த தலையணைகள் இங்கும் விற்பனைக்கு வந்துவிட்டன. தூங்கும் கைக்குழந்தைக்குத் தலையணையே ஆகாது. முகம் அதில் புதைந்தால் மூச்சு நின்றுவிடும். அமெரிக்க அரசின் உணவு மருந்து நிர்வாகம் 2022 நவம்பரில், தலைக்கு வடிவம் தரும் என்று சொல்லி விற்கப்படும் தலையணைகளைப் பயன்படுத்தலாகாது என்று பெற்றோரை எச்சரித்தது.

டாக்டரும் பயிற்சியும்

தட்டை தென்பட்டால் ஆறு, பத்து, பதினான்காம் வாரத் தடுப்பூசிக்குச் செல்லும்போது கிராம சுகாதாரச் செவிலியரிடம் காட்டுங்கள். சரியாகக் கவனிக்க வேண்டிய காலமும் இதுவே. தலைச் சுற்றளவை அளந்து குறித்து வைக்கும்படி கேளுங்கள். வீட்டிலும் பதினைந்து நாளுக்கு ஒருமுறை, தலைமயிரை நனைத்து ஒட்டவிட்டு, உச்சியிலிருந்து கைப்பேசியில் ஒரு படம் எடுத்து வையுங்கள். கூடுகிறதா, குறைகிறதா என்பது தெரிந்துவிடும்.

கழுத்து இறுக்கம் இருப்பின் பயிற்சிச் சிகிச்சை நிபுணரிடம் அனுப்புவர். அவர் தசையை நீட்டும் முறையைத் தாய்க்குக் கற்றுத் தருவார். நாள்தோறும் செய்ய வேண்டியவர் தாயே. தொடக்கத்திலேயே செய்தால் பெரும்பாலோர்க்கு அறுவையின்றிக் குணமாகிறது. நெதர்லாந்தில் 2008ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆராய்ச்சியில், ஏழாவது வாரத்தில் ஒரு பக்கமே திரும்பிக் கிடந்த 65 குழந்தைகளில் ஒரு பகுதியினருக்கு இத்தகைய பயிற்சி அளிக்கப்பட்டது. பயிற்சி பெற்றோரிடம் கடுமையான தட்டை வெகுவாகக் குறைந்தது. நம் மாநிலத்தில் மாவட்ட ஆரம்ப நிலை இடையீட்டு சேவை மையங்களில் இப்பயிற்சியைக் கேட்கலாம்.

தலைக்கவசம் தேவையா?

தலைக்கவசச் சிகிச்சையை அமெரிக்க மருத்துவர்கள் 1979ஆம் ஆண்டில் எழுதி வெளியிட்டனர். குழந்தையின் தலைக்கு அளவெடுத்துச் செய்த கவசத்தை நாளுக்கு இருபத்து மூன்று மணி நேரம், சில மாதங்கள் அணிவிக்க வேண்டும். அது தலையை அழுத்தித் திருத்துவதில்லை. துருத்திய பக்கத்தைத் தடுத்து, தட்டையான பக்கத்தில் வளர இடம் விடுகிறது. ஆகவே தலை வேகமாக வளரும் காலத்தில்தான் பயன்படும். ஒரு வயதுக்குப் பின் பயன் மிகக் குறைவு.

இதன் பயனைப் பற்றி மருத்துவர்களிடையே ஒருமித்த கருத்து இல்லை. 2014ஆம் ஆண்டில் நெதர்லாந்து ஆராய்ச்சியாளர்கள், நடுத்தரமும் கடுமையும் ஆன தட்டையுள்ள 84 குழந்தைகளை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு ஆறு மாதம் கவசம் அணிவித்தனர். மறுபிரிவை அவ்வாறே விட்டனர். இரண்டு வயதில் பார்த்தபோது முழுமையாகச் சீரானவர்கள் கவசப் பிரிவில் நூற்றுக்கு 26, மற்றப் பிரிவில் 23. வேற்றுமை இல்லை என்றே சொல்ல வேண்டும். கவசம் அணிந்தோர் வீடுகளில் தோல் புண்படுதல், வியர்வை, நாற்றம் போன்ற குறைகள் கூறப்பட்டன. மறுபுறம், அமெரிக்க நரம்பு அறுவை மருத்துவர் பேரவை 2016இல், பயிற்சியும் கிடைமாற்றமும் செய்த பின்னரும் நீங்காத கடுமையான தட்டைக்குக் கவசத்தைப் பரிந்துரைத்தது.

இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் உறுப்பினர்கள் கொள்ள வேண்டிய முடிவு தெளிவாகிறது. மூன்று மாதக் குழந்தைக்கு முதல் மருந்து கிடைமாற்றமும் பயிற்சியுமே. ஐந்து, ஆறு மாதத்தில் தட்டை கடுமையாகவே இருந்தால், கவசம் விற்பவரல்லாத ஒரு குழந்தை மருத்துவரிடம் கேட்டு முடிவு செய்யலாம். கவசம் வாங்கியபின் அதைத் திருத்தி அமைக்க அடிக்கடி நகரத்துக்குச் செல்ல வேண்டும் என்பதையும், மலைப்பாதையில் ஒவ்வொரு பயணமும் ஒரு நாள் கூலியை விழுங்கும் என்பதையும் கணக்கிட வேண்டும்.

தாமதிக்கக்கூடாத நோய் ஒன்று

இதுவரை கூறியதைக் கொண்டு எல்லாத் தட்டையும் தானே சரியாகும் என்று யாரும் இருந்துவிடலாகாது. எலும்புப் பொருத்து ஒன்று பிறப்பதற்கு முன்போ பிறந்த சில மாதங்களிலோ மூடிக்கொள்ளும் நோய் ஒன்று உண்டு. ஏறக்குறைய 2,000 முதல் 2,500 பிறப்புகளில் ஒருவருக்கு இது நேர்கிறது. இதில் மூளைக்கு இடம் போதாமல் அழுத்தம் கூடக்கூடும். கவசம் மட்டுமோ பயிற்சியோ இதைத் தீர்க்காது. அறுவை வேண்டும். சிறு துளை வழியே செய்யும் அறுவை முதல் சில மாதங்களிலேயே செய்யத்தக்கது; ஆதலால் காலம் அரிது.

அடையாளங்கள் இவை. தலையின் வடிவம் பிறந்த நாள் முதலே கோணலாக இருந்து, கிடையை மாற்றியும் கூடிக்கொண்டே போகும். பொருத்தின் நெடுக எலும்பு வரப்புப் போலக் கைக்குத் தட்டுப்படும். உச்சிக்குழி மிக முன்னதாக மூடியிருக்கும் அல்லது புடைத்திருக்கும். தலைச் சுற்றளவு மாதா மாதம் வளராது. படுக்கையால் வந்த தட்டையில், உச்சியிலிருந்து பார்த்தால் தட்டையான பக்கத்துக் காதும் நெற்றியும் முன்னே தள்ளியிருக்கும். பின்தலைப் பொருத்து மூடிய நோயிலோ காது பெரும்பாலும் பின்னும் கீழும் இழுபட்டிருக்கும். ஓயாத வாந்தி, சோர்வு, கண் நிலைகுத்துதல் ஆகியவை சேர்ந்தால் அன்றே ஆஸ்பத்திரிக்குச் செல்ல வேண்டும். கிளாவரையினர் கொடைக்கானல் அரசு மருத்துவமனைக்குச் சென்று, அங்கிருந்து மதுரை அரசு இராஜாஜி மருத்துவமனை போன்ற பெரிய இடத்துக்கு எழுதி வாங்கிச் செல்லலாம். சென்னை எழும்பூரில் அரசுக் குழந்தைகள் மருத்துவமனையும் உண்டு.

இத்தகைய அறுவைக்குச் செல்லும் பயணத்துக்காக ஓர் உறுப்பினர் கடன் கேட்டால், சங்கம் ஒரு நாளும் தாமதிக்கலாகாது என்பது நம் கருத்து.

கிளாவரைக் குழந்தையின் செய்தியைச் சொல்லி முடிக்கிறோம். டாக்டர் பார்த்ததில் பொருத்துகள் நன்றாக இருந்தன. கழுத்தின் இடப்பக்கத் தசை இறுகியிருந்தது. தாய் பயிற்சியைக் கற்றுக்கொண்டார். பாட்டி பாயைத் திருப்பிப் போட்டார். குழந்தைக்கு இப்போது ஐந்து மாதம் முடிந்து, இரு பக்கமும் பார்க்கிறது. தட்டை குறைந்துள்ளது, முற்றும் மறையவில்லை. அடுத்த மாதம் மீண்டும் காட்டச் சொல்லியிருக்கின்றனர். நகை இன்னும் அந்த வீட்டிலேயே இருக்கிறது. பூண்டு நடவுக்கு அது தேவைப்படலாம் என்று தாத்தா சொன்னார்.